ஒன்றாம் வீட்டுக்கு வந்த வசதி

பிசிறு வசதியானவளாகி அன்றோடு நாற்பது நாள் ஆகியிருந்தது. விஷயம் அவளுக்குத்தான் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் அவளுடைய சலுகை அட்டையை இயந்திரத்தில் உரசினாள். திரையைப் பார்த்தாள். பிசிறை ஏற இறங்கப் பார்த்தாள். சந்தேகத்தோடு மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"அட்டை செல்லாதும்மா. வசதியானவங்கன்னு காட்டுது."

"யாரு?"

"நீங்கதான்."

பிசிறு திரும்பிப் பின்னால் பார்த்தாள். அங்கே ஒரு தூண் இருந்தது. தூணில் ஒரு பல்லி இருந்தது. இரண்டில் யாரும் வசதியானவர்களாகத் தெரியவில்லை.

"எனக்குக் கண்ணு ஆபரேஷனுங்க. நாள் குடுத்துட்டாங்க. இருபத்தேழாம் தேதி."

"நாள் இருக்கு. அட்டைதான் இல்ல. ஒண்ணு, பணம் கட்டுங்க. இல்ல, அட்டை குடுத்த ஆபீஸ்ல போய் இதைச் சரி பண்ணிட்டு வாங்க. அந்தத் தேதியை விட்டீங்கன்னா அப்புறம் எட்டு மாசம் ஆகும்."

எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டாள். ஐந்து மாதம் சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், பஸ்ஸில் ஏறாமல், அவளும் அவள் புருஷனும் காற்றைக் குடித்து வாழ்ந்தால் சேர்கிற தொகை. வசதியானவர்கள் அப்படித்தான் சேர்க்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் பிசிறுதான். ஏற்றுமதிச் சட்டை தைக்கிற கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக நூல்பிசிறு வெட்டுகிறாள். தைத்து முடித்த சட்டை அவள் மேசைக்கு வரும். காலரில் ஆரம்பித்து, பொத்தான் துளை, கை மடிப்பு, பக்கத் தையல், கீழ் ஓரம் என்று ஒரு சுற்று. எங்கேயாவது ஒரு நூல் தலை நீட்டினால் கையளவுக் கத்தரியால் ஒரு வெட்டு. ஒரு நாளைக்கு நானூறு சட்டை. அவள் கட்டிவிடுகிற விலைச்சீட்டில் இருக்கிற விலை அவளுடைய ஒன்பது நாள் கூலி. அதில் அவளுக்கு வருத்தமெல்லாம் இல்லை. ஒன்பது நாள் கூலி கொடுத்து வாங்குகிறவன் கழுத்தில் நூல் குத்தக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. அந்த அளவுக்கு அப்பாவி.

தொழில் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. மிதியடியின் ஓரம், தலையணை உறை, பக்கத்து வீட்டுக்காரியின் புடவைத் தலைப்பு, பஸ்ஸில் முன்னால் நிற்கிற அந்நியரின் சட்டைப்பை என எங்கே நூல் நீட்டினாலும் கை போய்விடும். ஒருமுறை கண்டக்டரின் தோள்பட்டையிலிருந்து ஒரு நூலைப் பிடித்து இழுத்து, சட்டைக் கை முழுவதும் தையல் விட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிடப்பட்டவள்.

அந்தக் கண்களில்தான் இரண்டு வருஷமாகப் புரை. முதலில் பனி மாதிரி வந்தது, பிறகு பால் மாதிரி ஆனது. இப்போது வெள்ளைச் சட்டையில் வெள்ளை நூல் என்றால் விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடிக்கிறாள். விரல் கெட்டிக்கார விரல்தான். ஆனாலும் நானூறில் சிலது தப்பிவிடும்.

"அக்கா, நேத்து உங்க மேசையிலேர்ந்து முப்பத்தெட்டு சட்டை திரும்பி வந்திருக்கு," என்றான் சூப்பர்வைசர். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அவன் தொட்டிலில் இருந்திருப்பான். "மேலேர்ந்து என்னையக் கேக்குறாங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் சமாளிக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாதுக்கா."

"ஆபரேஷன் ஆயிட்டா சரியாயிடும் தம்பி."

"அதான் சீக்கிரம் ஆக்குங்க."

ஆக, கண் போனால் வேலை போகும். வேலை போனால் என்னென்ன போகும் என்று விரல் விட்டு எண்ண அவளுக்குத் தைரியம் இல்லை. இருபத்தேழாம் தேதிக்குள் அவள் மறுபடியும் ஏழையாக வேண்டும். அவ்வளவுதான் காரியம். பிறந்ததிலிருந்து ஏழையாகவே இருக்கிறவளுக்கு இது ஒரு பெரிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

தப்பு எங்கே நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் அவள் குடியிருந்த வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே சுவரை முதுகில் சாய்த்துக்கொண்டு பன்னிரண்டு வீடுகள். ஒரு வீட்டுக்கு ஒன்றரை அறை. அந்த அரை அறை சமையலுக்கு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். ஒன்றாம் வீடு பிசிறுடையது. இரண்டாம் வீட்டில் ஆம்புலன்ஸ் அக்கா. யார் வீட்டில் ஒரு டம்ளர் உருண்டாலும் முதல் ஆளாக வந்து நிற்கிறவள் என்பதால் அந்தப் பெயர். வந்து நின்றபின் அந்த இடத்தில் சத்தம் கூடும் என்பது இன்னொரு காரணம். பதினொன்றாம் வீட்டில் செக்யூரிட்டி வேலை பார்க்கிற டிவி அண்ணன். வரிசையிலேயே பெரிய டிவி அவருடையது. அதன் கீழ்ப்பாதி தெரியாது. செய்தி வாசிப்பவர்கள் எல்லோரும் அவர் வீட்டில் மார்பளவு இருட்டில் நிற்பார்கள்.

அந்த வரிசைக்கு ஒரு பழக்கம் உண்டு. 'வீட்டை ஏத்துறது' என்று அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்தாலும் சரி, பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் வந்தாலும் சரி, வெளி ஆள் ஒருவர் ஒரு வீட்டுக்கு வருகிறார் என்றால் மற்ற பதினோரு வீட்டிலும் இருக்கிற நல்ல சாமான்கள் எல்லாம் அந்த வீட்டுக்குள் போய்விடும். ஆம்புலன்ஸ் அக்காவின் நான்கு நாற்காலி, ஐந்தாம் வீட்டுக் கால் வைத்த மின்காற்றாடி, ஏழாம் வீட்டுத் திரைச்சீலை, ஒன்பதாம் வீட்டுக் கண்ணாடி டம்ளர்கள், டிவி அண்ணனின் டிவி. வந்தவர் போனதும் அரை மணியில் எல்லாம் திரும்பிவிடும். இதுவரை அந்த வரிசையில் பதினோரு கல்யாணம் இந்த நாற்காலிகளின் மேல்தான் முடிவானது. கல்யாணம் ஆனபிறகு "எங்கே அந்தக் காற்றாடி?" என்று எந்த மாப்பிள்ளையும் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு அவன் வீட்டுக் காற்றாடி மட்டும் அவனுடையதா என்ன?

ஏழு வாரம் முன்னால் குழாயடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். நாளைக் காலை அதிகாரி வீடு வீடாக வருவார், ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்குவார், ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும். எதற்கு வருகிறார் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. சின்ன எழுத்தைப் படிக்கிற கண் பிசிறுக்கு இல்லை. பொறுமை ஆம்புலன்ஸ் அக்காவுக்கு இல்லை.

"ஆபீஸ்லேர்ந்து ஆள் வருது. முதல் வீடே அழுது வடிஞ்சா நம்ம வரிசையைப் பத்தி என்ன நினைப்பாங்க? ஏத்துங்கடி வீட்டை!"

ஏற்றினார்கள். பிசிறு கம்பெனியில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு உள்ளே வந்து பார்த்தபோது அவளுடைய வீடு அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. போதாததற்குச் சுவர்கள் வேறு. அவள் புருஷன் பெயிண்டர். பெரிய வீடுகளில் அடித்து மிஞ்சிய பெயிண்டை டப்பாவின் அடியிலிருந்து வழித்துக்கொண்டு வந்து தன் வீட்டில் அடித்துவைத்திருந்தார். ஒரு சுவர் டாக்டர் வீட்டு மஞ்சள், ஒரு சுவர் நகைக்கடைக்காரர் வீட்டு ரோஸ், இரண்டு சுவர் யாரோ வெளிநாட்டில் இருப்பவரின் வெண்ணெய் நிறம். எல்லாம் விலை உயர்ந்த சரக்கு. அடித்த கையும் நல்ல கை. திரைச்சீலை ஓரத்தில் ஒரு நூல் நீட்டியது. பிசிறு அதை வெட்டினாள். இப்போது அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை.

அதிகாரி என்று வந்தவள் முப்பது வயதுப் பெண். தோளில் பை, கையில் டேப்லெட், காலில் ஒரு வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு. வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற தற்காலிக ஊழியர். அவளை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவள் திரையைத் தொட்டாள். காற்றாடியைப் போட்டார்கள். தொட்டாள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் தொட்டாள். உபசாரம் ஒவ்வொன்றும் ஒரு மார்க்காக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"டிவி இருக்கா?"

"இருக்கே! எவ்ளோ பெருசு பாருங்க!" என்றாள் ஆம்புலன்ஸ் அக்கா, பிசிறுக்குப் பதிலாக.

"அக்கா..." என்று இழுத்தாள் பிசிறு.

"சும்மா இருடி. வெக்கப்படுதுங்க அது. நீங்க எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டாள். பிறகு இரண்டாம் வீட்டிலிருந்து பன்னிரண்டாம் வீடுவரை விறுவிறுவென்று முடித்தாள். அங்கெல்லாம் தொடுவதற்கு ஒன்றுமே இல்லை. நாற்காலி உண்டா? இல்லை. டிவி? இல்லை. அந்த நிமிஷத்தில் டிவி அண்ணன் சொன்னதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது.

பத்து நாள் கழித்துப் பிசிறின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. "வாழ்த்துகள்! நீங்கள் வறுமையிலிருந்து வெளியேறிவிட்டீர்கள்." தினமும் அவளுக்கு நாலு வாழ்த்து வரும். பத்து லட்சம் கடன் தயார், பரிசாகக் கார் விழுந்திருக்கிறது, அரண்மனை மாதிரி வீடு கட்டித்தருகிறோம் என்று. அந்தக் கூட்டத்தோடு இதையும் அழித்துவிட்டாள்.

இப்போது மறுபடியும் அரை நாள் விடுப்பு. அரை நாள் கூலி போச்சு. இரண்டு பஸ் மாறி ஆபீசுக்குப் போனால் முதல் கவுன்டரில் இரண்டாம் கவுன்டருக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாம் கவுன்டரில் நாளைக்கு வரச் சொன்னார்கள். நாளைக்குப் போனால் இன்னொரு அரை நாள். ஏழை என்று நிரூபிக்க ஒரு மனிதருக்கு ஏகப்பட்ட ஓய்வு நேரம் வேண்டும். வேலைக்குப் போகிற ஏழைக்கு அது கட்டுப்படியாகாது. மூன்றாம் தடவை போனபோது மூன்றாம் கவுன்டர்காரர் அவளுடைய கோப்பைத் திறந்தார். பிசிறுக்குக் கோப்பு இருப்பதே ஒரு பெருமையாகத்தான் இருந்தது, அவர் படிக்கிறவரை.

"அட்டைக்கு வரம்பு முப்பது மார்க். நீங்க ஐம்பத்தேழு. இது ஒரு சின்ன மாளிகைம்மா! இங்க பாருங்க, மேலிடத்துக் குறிப்பே இருக்கு. 'ஒரே வரிசையில் உள்ள பன்னிரண்டு வீடுகளில் ஒன்றில் மட்டும் செல்வம் குவிந்திருப்பது கவலையளிக்கிறது.' ஏன்மா, பக்கத்து வீட்டுக்கு ஒரு நாற்காலியாவது குடுக்கக் கூடாதா?"

"அது அவங்க நாற்காலிதாங்க!"

"எடுத்து வெச்சுக்கிட்டீங்களா?"

பிசிறு தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டை ஏற்றிய விஷயத்தை முதலிலிருந்து சொன்னாள். அவர் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

"எல்லாரும் இதான் சொல்றாங்க. டிவி என் மாமாது, பீரோ என் மச்சான்துன்னு. பரவால்ல. மேல்முறையீடு பண்ணுங்க. எந்தெந்தச் சாமான் யாரோடது, வீட்டு நம்பர், அவங்க கையெழுத்து. அந்த மார்க்கை உங்ககிட்டேர்ந்து எடுத்து அவங்க கணக்குல சேத்துருவோம். மறுபடி ஆள் வந்து பாப்பாங்க."

"அவங்களுக்கு அட்டை போயிடாதா?"

"போற அளவு இருந்தா போகும்."

பிசிறு காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆம்புலன்ஸ் அக்காவுக்குச் சர்க்கரை. மாதா மாதம் அந்த அட்டையில்தான் மாத்திரை. ஐந்தாம் வீட்டில் காதுக்கு மெஷின். தன் கண்ணுக்காக இவர்களைக் கொண்டுபோய் அந்தக் கட்டத்துக்குள் எழுதுவதா? முதல் தடவையாக ஒரு காகிதத்தின் பிசிறான ஓரத்தைப் பார்த்துக்கொண்டு அதை வெட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பெயிண்டர்தான் அதை எடுத்துக்கொண்டுபோய் ஆம்புலன்ஸ் அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

"கிறுக்கச்சி! வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? என் நாற்காலியால உன் கண்ணு போறதா? நல்லாருக்கே கதை!"

குழாயடியில் கூட்டம் கூடியது. ஆம்புலன்ஸ் அக்காவின் திட்டம் எளிமையானது. ஒரு வீடே எல்லாச் சாமானையும் ஒப்புக்கொண்டால்தானே வரம்பு தாண்டும்? பங்கு போட்டுக்கொண்டால் யாரும் தாண்ட மாட்டார்கள். நாலு நாற்காலிக்கு நாலு வீடு கையெழுத்து. காற்றாடியை அதன் சொந்தக்காரரே ஏற்றுக்கொண்டார். அவருக்கு மார்க்கில் இடம் இருந்தது. டம்ளர்கள் மூன்று வீடாகப் பிரிந்தன. திரைச்சீலைக்குப் பன்னிரண்டாம் வீட்டில் புதிதாகக் குடிவந்தவர் கையெழுத்துப் போட்டார். அந்த வரிசையில் அவருக்குக் கிடைத்த முதல் சொத்து. உலகத்தில் எத்தனையோ மேதைகள் மண்டையை உடைத்துக்கொண்டும் முடியாத காரியத்தை, செல்வத்தைச் சமமாகப் பங்கிடுவதை, பன்னிரண்டு குடும்பங்கள் ஒரு குழாயடியில் இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டன. டிவி வரும்வரை.

டிவிக்குப் பன்னிரண்டு மார்க். அதைத் தொட்டவர் யாராக இருந்தாலும் வரம்பைத் தாண்டிவிடுவார்.

"டிவி அண்ணே, உங்க டிவிதானே?"

"யாரு சொன்னா?"

"எட்டு வருஷமா நீங்கதானே சொல்றீங்க!"

"பேச்சுக்குச் சொல்றதுதான். அதுல பாதி தெரியவே தெரியாது. பாதிக்கு ஆறு மார்க்னு போடுவாங்களா? கேட்டுப் பாருங்க. இல்லைன்னா எனக்கு அந்த டிவி வேணாம். இன்னிலேர்ந்து என்னை யாரும் டிவி அண்ணன்னும் கூப்பிடக் கூடாது."

"அப்ப எப்படிக் கூப்பிடுறது?"

"சும்மா அண்ணன்னு கூப்பிடுங்க. மார்க் இல்லாத அண்ணன்."

யாருக்கும் வேண்டாத அந்த டிவியைக் கடைசியில் குழாய்க்குப் பக்கத்துத் திட்டில் வைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினார்கள். படிவத்தில் அதற்கு நேராக 'பொது' என்று எழுதினார்கள்.

இருபத்துமூன்றாம் தேதி அதே பெண் மறு ஆய்வுக்கு வந்தாள். அதே செருப்பு, ஊக்கு மட்டும் இரண்டாகியிருந்தது. வரும்போதே சாக்குக்கு அடியில் பார்த்துவிட்டாள்.

"இது யாரோடது?"

ஏழாம் வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: "குழாயோடதுங்க."

"குழாய்க்கு டிவியா?"

"அதுவும் பாவம், நாள் முழுக்க ஒத்தையா நிக்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். உட்கார நாற்காலி இல்லை. நின்றுகொண்டே திரையைத் தொட்டாள். சிமெண்டுத் தரை, அடுப்பு, போன், கட்டில், பீரோ, சுவர். கூட்டல் தானாக வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"முப்பத்தொண்ணு."

பெயிண்டர் எட்டிப் பார்த்தார். "வரம்பு எவ்ளோங்க?"

"முப்பது."

"எல்லாத்தையும் எடுத்துட்டோமே! இன்னும் எங்கேர்ந்து வருது?"

"பராமரிப்பு நல்லாருந்தா ரெண்டு மார்க். வீட்டை இப்படித் துடைச்சு வெச்சிருக்கீங்களே. அப்புறம் சுவர். வர்ணம் அடிச்ச சுவருக்கு ஆறு. அதுவும் என்ன பெயிண்டுங்க இது! எங்க வீட்டுல சுண்ணாம்பே உதிருது." ஒரு நிமிஷம் அந்த ரோஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சும்மா ஒரு நாள் என் வீட்டையும் இதுல போட்டுப் பாத்தேன். பத்தொம்போது வந்துச்சு. ஆனா நான் கணக்கெடுக்கிற ஆளாச்சே, எனக்கு அட்டை கிடையாது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உதிர்ந்த சுவருன்னா ரெண்டு மார்க்தான். நான் எதுவும் சொல்லல. வெளில போய் ஒரு போன் பேசிட்டு வரேன். கால் மணி ஆகும்."

அவள் வெளியே போனதும் உள்ளே இருந்த எல்லோரும் பெயிண்டரைப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்தார். முப்பது வருஷமாக அடுத்தவர் வீட்டுச் சுவர்களுக்கு அடித்தவருக்கு, அடித்தபின் உள்ளே உட்கார்ந்து பார்க்கக் கிடைத்தது இந்த நான்கு சுவர்தான்.

"வேணாங்க," என்றாள் பிசிறு.

"உன் கண்ணா என் சுவரா?" என்று சொல்லிவிட்டுப் பட்டி தேய்க்கிற தகட்டை எடுத்தார். அவர் தொடங்கியதுதான் தாமதம், வரிசையே உள்ளே புகுந்தது. வீட்டை ஏற்றியவர்கள் அதே உற்சாகத்தோடு இறக்கினார்கள். கரண்டி, திருப்புளி, தேங்கிய கோபம் எல்லாம் வேலை செய்தது. ஆம்புலன்ஸ் அக்கா வெண்ணெய் நிறத்தைத் தோசைக் கரண்டியால் சுரண்டினாள். டிவி அண்ணன், அதாவது மார்க் இல்லாத அண்ணன், நகைக்கடைக்காரர் மேல் இருந்த ஏதோ பழைய பகையை ரோஸ் சுவரில் தீர்த்துக்கொண்டார்.

ஆனால் பெயிண்டர் கையில் தகடு இருந்தால் கை சும்மா இருக்குமா? மற்றவர்கள் கிறுக்கிவிட்டுப்போன இடங்களையெல்லாம் அவர் பின்னாலேயே போய்ச் சீராக்கினார். மேடு பள்ளம் இல்லாமல், ஓரம் நேராக, தூசி தட்டி, உப்புத்தாள் வேறு போட்டார். பிசிறு வழக்கப்படி துடைப்பத்தை எடுத்து உதிர்ந்ததையெல்லாம் கூட்டி அள்ளிவிட்டாள். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

பெண் திரும்பி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"சுரண்டிட்டோம்."

"இது சுரண்டின சுவர் மாதிரியா இருக்கு? புது பெயிண்ட் அடிக்கத் தயார் பண்ணின சுவர் மாதிரி இருக்கு! போட்டோ எடுத்தா அதுவே கண்டுபிடிச்சிடும்." டேப்லெட்டைச் சுவருக்கு நேரே நீட்டினாள். அது ஒரு சத்தம் போட்டது. "பாத்தீங்களா? 'புதுப்பிப்புப் பணி நடைபெறுகிறது.' எட்டு மார்க். மொத்தம் முப்பத்துமூணு."

அந்த அறையில் அப்போது எழுந்த பெருமூச்சில் உரித்த பெயிண்ட் தூள் கொஞ்சம் பறந்தது. பிசிறு பெயிண்டரைப் பார்த்தாள். பெயிண்டர் உப்புத்தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஒரு வேலையைக் கெடுத்துச் செய்யத் தெரியுதா உங்களுக்கு?" என்றாள். "முப்பது வருஷமா என்னத்த கத்துக்கிட்டீங்க?"

"நீ மட்டும் ஏன் கூட்டினே?" என்றார் அவர்.

இருவரும் சுத்தக்காரர்கள். அந்த வீட்டுக்கு வந்த கேடு அதுதான்.

கணக்கெடுக்கிற பெண் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெயிலில் வந்த களைப்பு. அதற்கு மேல் வேறொன்றும் இருந்தது. "இப்ப இதை அனுப்பினா, ஐம்பத்தேழு எப்படி முப்பத்துமூணு ஆச்சுன்னு நான் பதினாலு பக்கம் விளக்கம் எழுதணும். அதுக்குத் தனிக் கூலி கிடையாது." நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "ஒண்ணு பண்ணலாம். மறு ஆய்வுக்கு வந்தப்போ வீடு பூட்டியிருந்துச்சுன்னு போட்டா, இது முதல் ஆய்வையும் சேத்து அழிச்சிடும். மெஷின்ல ஏதோ தப்பு; நாங்க யாரும் மேல சொல்லல. அடுத்த சுற்று வர வரைக்கும் பழைய அட்டை ஓடும்."

"அடுத்த சுற்று எப்போ?"

"ஒரு வருஷம் ஆகும். ஆனா பூட்டின கதவைப் போட்டோ எடுக்கணும். பூட்டு எங்க?"

பிசிறும் பெயிண்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டுக்குப் பூட்டே கிடையாது. இத்தனை வருஷத்தில் பூட்டிவைக்க எதுவும் சேர்ந்ததில்லை.

"ஒன்பதாம் வீட்டுல இருக்கு!" என்று ஆம்புலன்ஸ் அக்கா ஓடினாள். வரிசையின் நல்ல பூட்டு வந்தது. பித்தளைப் பூட்டு, கையகலம். வாசலில் வைத்து அதன் மேல் ஒரு துணி போட்டுத் துடைக்கப் போன பிசிறின் கையை அந்தப் பெண்ணே தட்டிவிட்டாள்.

"பூட்டுக்கு மார்க் உண்டாங்க?" என்று பெயிண்டர் கவலையோடு கேட்டார்.

"பட்டியல்ல இல்ல. அதுவரைக்கும் சந்தோஷம்."

வெளியே நின்றால் நிழல் விழும் என்று எல்லோரையும் உள்ளே போகச் சொன்னாள். பன்னிரண்டு வீட்டு ஆட்கள் ஒன்றரை அறைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கதவு சாத்தியது. வெளியே பூட்டு விழுந்தது. இருட்டில் யாரோ தும்மப் போனார்கள்; ஆம்புலன்ஸ் அக்கா மூக்கைப் பிடித்தாள். வெளியே டேப்லெட் க்ளிக் என்றது. அதன்படி அந்த வீட்டில் அப்போது யாரும் இல்லை. யாரும் இல்லாததால் அங்கே இருந்த எல்லோரும் மறுபடியும் ஏழைகளாயிருந்தார்கள்.

இருபத்தேழாம் தேதி ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அட்டையை உரசிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. இடது கண்ணுக்கு ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

கட்டுப் பிரித்த அன்று சாயங்காலம் பெயிண்டர் அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் முன்னால் நின்றவர் காலரில் மூன்று நூல். ஆபீஸ் வாசல் பலகையில் ஒரு எழுத்து உரிந்திருக்கிறது. உங்க மீசையில இவ்வளவு நரையா? எப்போலேர்ந்து? வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட்டார். அவள் சுவரைப் பார்த்தாள்.

பெயிண்டர் மூலைகளை விட்டிருந்தார். கை எட்டாத மேல் ஓரத்தில் ரோஸும் மஞ்சளும் திட்டுத் திட்டாகத் தொங்கின. ஒரு துண்டு காற்றில் ஆடியது.

"ஓரமெல்லாம் பிசிறா இருக்கே," என்றாள். கை தானாக மேலே போனது.

"தொடாதே," என்றார் பெயிண்டர். "இதோ ஒரு டப்பா இருக்கு. வக்கீல் வீட்டு நீலம். நாளைக்கே ரெண்டு கோட் அடிச்சிருவேன். அடிக்கட்டுமா?"

பிசிறு கையை இறக்கினாள். "அடுத்த சுற்றுக்கு ஒரு வருஷம்னு சொன்னாங்க. முன்னாடியே வந்துட்டா?"

"வந்துட்டா என்ன, பூட்டு இருக்கே."

"ஒன்பதாம் வீட்டுக்காரங்க ஊருக்குப் போயிருந்தா?"

பெயிண்டர் டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

ஆடிக்கொண்டிருந்த அந்தத் துண்டை அவளுடைய வலது கண் விடாமல் பார்த்தது. விரல்கள் புடவையைப் பிடித்துக்கொண்டன. பிறகு தன் பாயை எடுத்து எதிர்ப்பக்கம் விரித்து, ஆபரேஷன் ஆகாத இடது கண் சுவர் பக்கமாக இருக்கும்படி உட்கார்ந்துகொண்டாள்.